நம்ம அலர்ஜி மாத்திரையும் நெப்டியூன் என்கிற நாயும்

1/
"டாக்டர், எங்க நாய் ரெண்டு நாளா சொறிஞ்சுக்கிட்டே இருக்கு. வீட்ல செட்ரிசின் இருக்கு. பாதி மாத்திரை கொடுக்கலாமா?"

நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்குற அரசு மருத்துவமனை டாக்டர். ஆனாலும் இந்தக் கேள்வி இன்பாக்ஸ்ல அடிக்கடி வருது. செட்ரிசின், சிபிஎம், அவில். இந்த மூணு பேரும் தெரியாத வீடு நம்ம ஊர்ல குறைவு. நமக்குப் பழகின மருந்து, நாய்க்கு மட்டும் என்ன செஞ்சிடப் போகுதுன்னு ஒரு நம்பிக்கை.

2/
முதல்ல சுருக்கமான பதில்.

இந்த வகை மருந்துகள்ல சிலதை வெட்னரி டாக்டர்கள் நாய்களுக்கு எழுதுறாங்க. அது உண்மை. ஆனா எந்த மருந்து, எவ்வளவு, அது தேவையா இல்லையா என்கிற மூணையும் நாயைப் பார்த்த வெட்னரி டாக்டர்தான் சொல்லணும்.

ஏன்? அதுக்குப் பின்னாடி 120 வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அந்தக் கதை ஆரம்பிச்சதே ஒரு நாயிலிருந்துதான். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாசிங்க. கடைசியில வீட்டுக்குத் தேவையான விஷயங்களைத் தனியாச் சொல்றேன்.

3/
வருஷம் 1901. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டுக்குக் கடல் ஆராய்ச்சி என்றால் உயிர். அவருடைய 'பிரின்சஸ் ஆலிஸ்' கப்பலில் இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் பயணம் போனார்கள். ஒருவர் சார்ல் ரிஷே, இன்னொருவர் பால் போர்த்தியே.

கடலில் நீலப் பலூன் மாதிரி மிதந்து வரும் ஒரு உயிரி உண்டு. 'போர்த்துக்கீசியப் போர்க்கப்பல்' என்பது அதன் பட்டப்பெயர். அதன் நீண்ட இழைகள் உடம்பில் பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி எரியும். அந்த விஷத்தை ஆராய்வதுதான் இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

4/
பிரான்ஸுக்குத் திரும்பியதும் அந்த உயிரி கிடைக்கவில்லை. அங்கே கடற்கரைப் பாறைகளில் எளிதாகக் கிடைக்கும் கடல் சாமந்தியை எடுத்துக்கொண்டார்கள். அதன் விஷத்தைப் பிரித்து, எவ்வளவு கொடுத்தால் தாங்கும் என்று நாய்களில் கணக்குப் பார்த்தார்கள்.

அதில் ஒரு நாயின் பெயர் நெப்டியூன். நல்ல திடகாத்திரமான நாய் என்று ரிஷே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் ஊசிக்கு அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

22 நாள் கழித்து, நன்றாக இருந்த அதே நாய்க்கு அதே அளவு விஷத்தை மறுபடி செலுத்தினார்கள்.

5/
சில நொடிகளில் மூச்சு இரைத்தது. நடக்க முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. வயிற்றுப்போக்கு. ரத்த வாந்தி. 25 நிமிடத்தில் நெப்டியூன் செத்துப்போனது.

இதில் ஆச்சரியம் என்னன்னா, அந்தக் காலத்து மருத்துவத்துக்கு இது தலைகீழ் சங்கதி. ஒரு விஷத்தைக் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் உடம்பு அடுத்த முறை தாங்கிக்கொள்ளும் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். தடுப்பூசி வேலை செய்வதும் அப்படித்தான். இங்கேயோ முதல் ஊசி உடம்பைக் காப்பாற்றுவதற்குப் பதிலா அடுத்த ஊசிக்கு ஆபத்தைத் தயார் செய்து வைத்திருந்தது.

6/
கிரேக்க மொழியில் 'ஃபைலாக்சிஸ்' என்றால் பாதுகாப்பு. இது அதற்கு எதிரானது என்பதால் 1902ல் ரிஷேயும் போர்த்தியேயும் வைத்த பெயர்: அனாஃபைலாக்சிஸ்.

இன்னைக்கும் பென்சிலின் ஊசியோ குளவிக் கடியோ ஒத்துக்காம ஒருத்தர் மயங்கி விழுந்தா, கேஸ் ஷீட்ல நாங்க எழுதுற அதே வார்த்தை. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1913ல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

7/
இப்ப ஒரு நிமிஷம் நெப்டியூனோட அறிகுறிகளைத் திரும்பப் பாருங்க. வாந்தி, வயிற்றுப்போக்கு, சரிஞ்சு விழறது.

மனுஷனுக்குக் கடுமையான அலர்ஜி வந்தா தடிப்பு, தொண்டை அடைப்பு, வீசிங்னு பெரும்பாலும் தோலும் மூச்சும் முன்னாடி வந்து நிக்கும். நாய்க்கு ஏன் வயிறு முன்னாடி வருது?

அடுத்து வந்த ஆராய்ச்சியாளர்களையும் இந்தக் கேள்வி துரத்தியது. சீமைப்பெருச்சாளி என்று நாம் சொல்லும் கினிப்பன்றிக்கு அனாஃபைலாக்சிஸ் வந்தால் மூச்சுக்குழல் இறுகிச் சாகிறது. முயலுக்கு நுரையீரல் ரத்தக்குழாய் இறுகி இதயம் நிற்கிறது. நாய்க்கு அடி விழும் இடம் கல்லீரல்.

8/
1910 வாக்கில் மான்வாரிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைச் சோதித்துக் காட்டினார். நாயின் ரத்த ஓட்டத்தில் இருந்து கல்லீரலை விலக்கிவிட்டால் அந்த அதிர்ச்சி நிலை வருவதில்லை.

நாயின் கல்லீரலில் இருந்து வெளியேறும் ரத்தக்குழாய்கள் அலர்ஜி நேரத்தில் இறுகிக்கொள்கின்றன. ரத்தம் கல்லீரலிலும் குடலிலும் தேங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்ப ரத்தம் இல்லை. பி.பி. விழுகிறது. வயிற்றில் ரத்தம் தேங்குவதால் வாந்தி, பேதி.

9/
கொசுறு தகவல். ரத்தம் உறையாமல் இருக்க நாங்கள் தினமும் பயன்படுத்தும் ஹெப்பாரின் மருந்து 1916ல் நாயின் கல்லீரலில் இருந்துதான் முதலில் பிரிக்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்துக்கொண்டிருந்த ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் எதேச்சையாகக் கண்டது. 'ஹெபார்' என்றால் கிரேக்கத்தில் கல்லீரல்.

நாயின் கல்லீரலில் அது ஏன் அவ்வளவு இருக்கிறது? மாஸ்ட் செல்கள் அங்கே நிறைய இருப்பதால். ஹெப்பாரினோடு இன்னொரு சரக்கையும் மாஸ்ட் செல்கள் மூட்டை கட்டி வைத்திருக்கின்றன. அதுதான் நம் கதையின் வில்லன்.

10/
வில்லன் பெயர் ஹிஸ்டமின்.

1910ல் லண்டன் வெல்கம் ஆய்வகத்தில் ஹென்றி டேல், பாட்ரிக் லெய்ட்லா இருவரும் இந்தப் பொருளை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அனாஃபைலாக்சிஸில் என்னவெல்லாம் நடக்குமோ, கிட்டத்தட்ட அதெல்லாம் நடந்தது. 1927ல் டேல் குழு, இது நுரையீரலிலும் கல்லீரலிலும் இயற்கையாகவே இருக்கிறது என்று நிரூபித்தது.

அப்போ, ஹிஸ்டமினைத் தடுத்தா அலர்ஜியைத் தடுக்கலாமே? இந்த ஒரு கேள்விதான் இன்னைக்கு உங்க வீட்டு டப்பாவுல கிடக்குற செட்ரிசினுக்குப் பாட்டன்.

11/
1937. பாரிஸ் பாஸ்டர் நிறுவனம். டேனியல் போவே என்ற ஆராய்ச்சியாளரும் அன்-மரீ ஸ்டாப் என்ற மாணவியும் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் ரசாயனத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பெயர் கூடக் கிடையாது, 929எஃப் என்று ஒரு எண்தான்.

சோதித்தது எதில்? சீமைப்பெருச்சாளியில். சாகடிக்கும் அளவு ஹிஸ்டமினைக் கொடுத்தும் அது பிழைத்தது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு அந்த ரசாயனத்தில் இருந்தது. 1942ல்தான் மனிதர்களுக்குத் தாங்கும் முதல் மருந்து, ஆன்டெர்கன், பிரான்ஸில் வந்தது. போவேக்கு 1957ல் நோபல்.

இதை மனசுல வெச்சுக்கோங்க. நோய் தெரிய வந்தது நாயில. மருந்து தேறி வந்தது மூச்சுக்குழல் இறுகிச் சாகுற சீமைப்பெருச்சாளியில. கடைசியில அளவு வகுத்தது மனுஷனுக்கு.

12/
1943ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ரீவ்ஷல் என்பவர் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் சிக்கியது டைஃபென்ஹைட்ரமின். ஹிஸ்டமினை நன்றாகத் தடுத்தது. பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை வாங்கி 1946ல் 'பெனட்ரில்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஒரே குறை. சாப்பிட்டவர்களுக்குத் தூக்கம் சொக்கியது. மூளையை விழிப்பாக வைத்திருப்பதிலும் ஹிஸ்டமினுக்குப் பங்கு உண்டு. மருந்து மூளைக்குள்ளும் போய் அதைத் தடுத்ததால் வந்த வினை. அவில், சிபிஎம் இரண்டும் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவைதான். சிபிஎம் போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு நாங்க சொல்றது இதனாலதான்.

13/
தூக்கம் வராத மருந்தைத் தேடிப் போனார்கள். 1985ல் டெர்ஃபெனடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொண்டாடினார்கள். பிறகுதான் தெரிந்தது: எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்கோ கீட்டோகொனசோல் மாதிரி பூஞ்சை மருந்தோ சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகி உயிர் போகலாம். 1990களின் கடைசியில் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது.

மனுஷனுக்காகவே செஞ்சு, மனுஷன்லயே சோதிச்ச மருந்துக்கே கூட்டு சேர்ற மருந்தால இந்த நிலைமை.

14/
1980களின் இறுதியில் வந்த செட்ரிசின் பிறந்த கதை வேற மாதிரி. ஹைட்ராக்சிசின் என்ற பழைய மருந்தைச் சாப்பிட்டால் நம் உடம்பு அதைச் செட்ரிசினாக மாற்றுகிறது. அதையே தனியாக எடுத்து மாத்திரை ஆக்கினார்கள். மூளைக்குள் அதிகம் போகாது, தூக்கம் குறைவு.

நாயின் உடம்பும் ஹைட்ராக்சிசினைச் செட்ரிசினாக மாற்றுகிறது. இந்த இடத்தில் நாயும் நாமும் ஒண்ணு. "அப்ப கொடுக்கலாம்ல டாக்டர்?" இருங்க, அடுத்த பகுதிதான் முக்கியம்.

15/
நாய்க்கும் தானாக அலர்ஜி வரும் என்பதை மருத்துவ உலகம் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தது. 1941ல் விட்டிச் என்ற அமெரிக்க மருத்துவர், ஒவ்வொரு இலையுதிர் காலமும் அலர்ஜியால் அவதிப்பட்ட ஒரு நாயைப் பற்றி எழுதினார். காரணம் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம். நம்ம பார்த்தீனியத்துக்குச் சொந்தக்காரச் செடி அது.

நமக்கு மகரந்தம், தூசி ஒத்துக்கலைன்னா தும்மல், மூக்குல தண்ணி. நாய்க்குப் பெரும்பாலும் அரிப்பு. பாதத்தை நக்கும், முகத்தைத் தரையில தேய்க்கும், காதைச் சொறியும், வயிறு, அக்குள் எல்லாம் சிவந்து கிடக்கும்.

16/
நம்முடைய தும்மலில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு. அதனால் செட்ரிசின் நன்றாகவே கேட்கிறது. நாயின் நீண்டகால அரிப்பில் அப்படி இல்லை.

2004ல் கனடாவில் வெளியான ஒரு ஆய்வு, அலர்ஜித் தோல் நோய் உள்ள நாய்களுக்குச் செட்ரிசின் கொடுத்துப் பார்த்தது. அரிப்பு திருப்தியாகக் கட்டுப்பட்டது சுமார் ஐந்தில் ஒரு நாய்க்குத்தான். மீதி நாய்கள் சொறிந்துகொண்டுதான் இருந்தன.

17/
காரணம் பிறகு தெரியவந்தது. நாயின் அரிப்பில் பெரிய கை இன்டர்லூக்கின்-31 என்ற வேறொரு ரசாயனத்துக்கு. அது தரும் அரிப்புச் செய்தியைத் தடுக்கும் ஓக்ளாசிடினிப் என்ற மாத்திரைக்கு 2013ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த சில வருடங்களில் அந்த ரசாயனத்தையே பிடித்து முடக்கும் ஊசியும் வந்தது. இவை நாய்க்கென்றே, நாயின் உடம்பைப் படித்துச் செய்தவை. வெட்னரி டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாதவை.

ரிஷேயின் கப்பலில் இருந்து இதுவரை 110 வருஷம். நாய் மூலமா அலர்ஜியைப் புரிஞ்சுக்கிட்ட நாம, நாயோட அரிப்பைப் புரிஞ்சுக்க இவ்வளவு காலம் எடுத்துக்கிட்டோம்.

18/
சரி, கதை போதும். இந்தக் கதையிலிருந்து நம்ம வீட்டுக்கு என்ன?

முதல் விஷயம், அளவு.

60 கிலோ மனுஷன் ஒரு நாளைக்கு ஒரு 10 மி.கி. செட்ரிசின் சாப்பிடுறார். நான் மேல சொன்ன ஆய்வுல நாய்க்குக் கொடுத்த அளவு ஒரு கிலோ எடைக்கு 1 மி.கி. அதாவது 10 கிலோ நாய்க்கு நம்ம முழு மாத்திரை. 'நாய் சின்னது, அதனால கால் மாத்திரை' என்கிற கணக்கே இங்க தப்பு.

உடனே கால்குலேட்டரை எடுக்காதீங்க. இதைச் சொன்னது நீங்க கொடுக்குறதுக்கு இல்லை. நம்ம ஊகம் எவ்வளவு தூரம் தவறும்னு காட்டுறதுக்கு. குட்டி நாய், சினை நாய், கிட்னி பிரச்சினை, வலிப்பு, இதய நோய், கண் அழுத்தம் உள்ள நாய்னா கணக்கு மாறும். சில நேரம் கொடுக்கவே கூடாது. உண்ணிக்கு அமிட்ராஸ் மருந்துல குளிப்பாட்டியிருந்தா, தூக்க மருந்தோ வலிப்பு மருந்தோ போயிட்டிருந்தா, அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

19/
ரெண்டாவது, பேரு. இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க.

அமெரிக்க வெப்சைட்ல 'நாய்க்குப் பெனட்ரில் கொடுக்கலாம்'னு இருக்கும். அங்க அந்தப் பேர்ல பொதுவா கிடைக்குறது டைஃபென்ஹைட்ரமின் மட்டும் இருக்குற மாத்திரை. நம்ம ஊர் மெடிக்கல்ல பெனட்ரில்னு கேட்டா கையில வர்றது இருமல் சிரப். அதுல அம்மோனியம் குளோரைடு மாதிரி வேற சரக்கும் இருக்கு. இங்கிலாந்துல அதே பேர்ல விக்குறது வேற மருந்து.

போதாக்குறைக்கு, அவங்க அளவைச் சொல்றது பவுண்டு கணக்குல. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவை விடக் கொஞ்சம் கம்மி. பேரும் மாறி, அளவும் மாறினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

20/
மூணாவது, கூட்டு மாத்திரை. என்னைக் கேட்டா இதுதான் பெரிய ஆபத்து.

'சளிக்கு ஒரு மாத்திரை' என்று வாங்கி வைத்திருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிபிஎம் மட்டும் இருக்காது. கூடவே பாரசிட்டமால், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபிட்ரின், சிலதில் கஃபீன்.

பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலும் ரத்தச் சிவப்பணுவும் பாதிக்கும். பூனைக்கோ துளி கூட ஆகாது, அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சூடோஎஃபிட்ரின் நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும், நடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். அதற்குப் பெரிய அளவெல்லாம் தேவையில்லை.

21/
சிரப்ல இன்னொரு ஒளிஞ்சிருக்குற எதிரி உண்டு. சைலிட்டால். சர்க்கரை இல்லாத சிரப், சூயிங்கம் சிலதுல இனிப்புக்காகச் சேர்க்குறது. நமக்கு ஒண்ணும் பண்ணாது. நாயின் உடம்பு அதைச் சர்க்கரைன்னு ஏமாந்து இன்சுலினைக் கொட்டிடும். ரத்தச் சர்க்கரை மளமளன்னு இறங்கி மயக்கம், வலிப்பு. கல்லீரலும் கெட்டுப்போகலாம்.

அதனால வீட்டு சிரப்பை நாய் வாயில ஊத்துற வேலையே வேண்டாம்.

22/
நாலாவது, அவசரம். நெப்டியூனை மறுபடி நினைச்சுக்கோங்க.

குளவி கொட்டின கொஞ்ச நேரத்துல, இல்ல ஏதாவது ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல நாய் வாந்தி எடுக்குது, பேதி போகுது, தள்ளாடுது, ஈறு வெளுத்துப் போகுதுன்னா 'எதையோ தின்னிருக்கும்'னு விட்டுடாதீங்க. நாய்க்கு அனாஃபைலாக்சிஸ் அப்படித்தான் வரும். தடிப்பும் வீக்கமும் இல்லாமலும் வரலாம்.

இதுக்கு மாத்திரை மருந்தே கிடையாது. வாந்தி எடுக்குற நாய்க்கு மாத்திரை உள்ள போகாது, போனாலும் விழுந்த பி.பி.யை அது தூக்காது. தேவை அட்ரினலின் ஊசியும் டிரிப்ஸும். மனுஷனுக்கும் இதேதான். அவில் ஊசி அட்ரினலினுக்கு மாற்று இல்லை.

இதுலயும் ஒரு சரித்திர வேடிக்கை. ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானிய விஞ்ஞானி அட்ரினலினைச் சுத்தமாகப் பிரித்ததை உலகத்துக்குச் சொன்னது 1901ல். ரிஷே கப்பல் ஏறிய அதே வருஷம். அதை விற்றதும் பின்னாளில் பெனட்ரிலை விற்ற அதே பார்க்-டேவிஸ்தான்.

23/
அஞ்சாவது, பாம்பு. இதை அரசு மருத்துவமனை டாக்டரா அழுத்தமாச் சொல்றேன்.

நாய் எதையும் மூக்கால மோந்துதான் பார்க்கும். அதனால பாம்பு கடிக்குறதும் பெரும்பாலும் முகத்துலயோ முன்னங்கால்லயோதான். தோட்டத்துக்குப் போயிட்டு வந்த நாய்க்குத் திடீர்னு ஒரு பக்கம் முகம் வீங்கி, வலியில கத்துது, ரத்தம் கசியுதுன்னா, அதைக் குளவிக் கடின்னு நினைச்சு அவில் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்காதீங்க. விரியன் கடியா இருக்கலாம். விஷமுறிவு மருந்து போக வேண்டிய நேரத்தை அந்த மாத்திரை தின்னுடும். வீக்கத்தைப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்குறது வெட்னரி டாக்டர் வேலை. நம்ம வேலை வண்டியை எடுக்குறது.

24/
ஆறாவது, அரிப்புன்னா எல்லாம் அலர்ஜி இல்லை.

நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் நாய் சொறிஞ்சா முதல்ல சந்தேகப்பட வேண்டியது உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சை. இதுல எதுக்கும் செட்ரிசின் மருந்து இல்லை. மாத்திரையைப் போட்டு ரெண்டு வாரம் தள்ளினா, அதுக்குள்ள பூச்சி குடும்பம் நடத்திடும். நாய்க்கு முடி கொட்டி, வீட்ல உங்களுக்கும் அரிப்பு ஆரம்பிச்சிருந்தா, நாயின் சொறி உங்க மேலயும் ஏறியிருக்கலாம். நீங்க எங்ககிட்ட வாங்க, நாய் அவங்ககிட்ட போகட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல வைத்தியம் பார்த்தாத்தான் அடங்கும்.

தோல்ல ஒரு கட்டி, ஒரு நாள் பெரிசாகுது, ஒரு நாள் சின்னதாகுதுன்னாலும் அலர்ஜின்னு விடாதீங்க. மேல சொன்ன மாஸ்ட் செல்கள்லயே புற்றுநோய் வரும். நாய்களுக்கு அடிக்கடி வர்ற தோல் புற்றுநோய்கள்ல அது ஒண்ணு. உள்ள இருக்குற ஹிஸ்டமின் கசியுறப்ப கட்டி வீங்கும், அப்புறம் வத்தும். அலர்ஜி மாத்திரை அதை மறைச்சு வைக்கும்.

25/
ஏழாவது, நாயே மாத்திரை அட்டையைக் கடிச்சு முழுங்கிடுச்சுன்னா?

அரண்டு போய் உப்புத் தண்ணி கொடுக்காதீங்க. உப்பே நாய்க்கு விஷமாகலாம். நீங்களா வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மிச்ச அட்டையைக் கையோட எடுத்துக்கிட்டு வெட்னரி டாக்டர்கிட்ட ஓடுங்க. எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, நாயோட எடை என்ன. இந்த அஞ்சும் தெரிஞ்சா அவங்க வேலை பாதி முடிஞ்சது.

அளவு மீறினா எல்லா நாயும் தூங்கி விழும்னு இல்லை. சிலது நேர்மாறா துள்ளும், நடுங்கும், இதயம் படபடக்கும், வலிப்பு வரும். 'சுறுசுறுப்பாத்தானே இருக்கு'ன்னு ஏமாறாதீங்க.

26/
"அப்ப கொடுக்கவே கூடாதா டாக்டர்?" அப்படிச் சொல்லலை.

நாயை ஒரு தடவை வெட்னரி டாக்டர்கிட்ட காட்டி, எடை போட்டு, காரணம் தெரிஞ்சு, 'இந்த மருந்து, இத்தனை மி.கி., இத்தனை நாள்'னு எழுதி வாங்கிட்டீங்கன்னா, அதே மருந்தை மெடிக்கல்ல வாங்கித் தாராளமா கொடுங்க. வாங்குறப்ப அட்டையைத் திருப்பி, அந்த ஒரே ஒரு மருந்து மட்டும்தான் இருக்கான்னு பாருங்க. மருந்து பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ 'கோல்ட்', 'பிளஸ்', 'டி' மாதிரி வால் ஒட்டியிருந்தா வேண்டாம்னு திருப்பிக் கொடுங்க. பழைய சீட்டை வெச்சு அடுத்த வருஷம் வேற அரிப்புக்குக் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு. நம்ம நாட்டுச் சட்டத்துல ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகள் பலதும் ஷெட்யூல் ஜி பட்டியல்ல இருக்கு. மருத்துவ மேற்பார்வை இல்லாமச் சாப்பிடுறது ஆபத்துன்னு லேபிள்ல போடச் சொல்ற பட்டியல் அது. கடையில சும்மா கிடைக்குதுங்குறதால அது சும்மா மருந்து ஆகிடாது. நமக்கே அப்படின்னா, வாய் பேசாத ஜீவனுக்கு?

27/
காசு இல்லையேன்னு யோசிக்குறவங்களுக்கு: பக்கத்துல அரசு கால்நடை மருந்தகம் இருக்கும். அங்க மாடு, ஆடு மட்டும்தான் பார்ப்பாங்கன்னு நினைக்காதீங்க, நாயையும் பார்ப்பாங்க. சென்னையில இருக்குறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. 1903ல் ஆரம்பிச்ச கல்லூரி, அனாஃபைலாக்சிஸுக்கு ரிஷே பேர் வெச்ச அடுத்த வருஷம். நாயின் உடம்பைப் படிக்கவே அஞ்சரை வருஷம் செலவு பண்ணின டாக்டர்கள் நம்ம ஊர்ல இருக்காங்க. எம்பிபிஎஸ் படிச்ச என்கிட்ட நாய்க்கு டோஸ் கேக்குறது, எலக்ட்ரீஷியன்கிட்ட பைப் ரிப்பேர் கேக்குற மாதிரி.

தெரு நாய்க்கு பிஸ்கட்ல வெச்சு சிபிஎம் கொடுக்குற நல்ல மனசுக்காரங்களுக்கும் இதேதான். அந்த நாயோட போட்டோவையும் வீடியோவையும் எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுங்க. பாதி நேரம் அதுக்குத் தேவைப்படுறது உண்ணி மருந்தாத்தான் இருக்கும்.

28/
சுருக்கமா மறுபடி:

நம்ம மருந்து நாய்க்கு ஆகும், ஆனா நம்ம கணக்கு ஆகாது.
கூட்டு மாத்திரையும் சிரப்பும் கூடவே கூடாது.
நாய்க்குக் கடுமையான அலர்ஜி வயித்துல தெரியும்: வாந்தி, பேதி, மயக்கம்.
முகம் வீங்கினா பாம்பையும் சந்தேகப்படுங்க.
மாத்திரை டப்பா நாய்க்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. பக்கத்துல இருக்குற வெட்னரி டாக்டர் நம்பரையும், ராத்திரி நேரத்துல நாயைப் பார்க்குற இடம் எதுன்னும் விசாரிச்சு போன்ல சேமிச்சு வைங்க. தேவைப்படுற அன்னைக்குத் தேட நேரம் இருக்காது. நெப்டியூனுக்கு இருந்தது 25 நிமிஷம்தான்.

நாய் வளர்க்குற நண்பர்களுக்கு இதை அனுப்புங்க.